மாதிரி ரயிலுக்கு எந்த மல்டிமீட்டர் போதும்?

மாதிரி ரயில் பாதை அமைப்போர் தண்டவாளங்களையும் நிலையங்களையும் மலைக் குகைகளையும் எவ்வளவு நுணுக்கமாக உருவாக்கினாலும், பலகைக்கு அடியில் செல்லும் கம்பிகள் சரியாக இல்லையெனில் இன்ஜின் ஓரடியும் நகராது. அக்கம்பிகளில் மின்சாரம் எங்கு வருகிறது, எங்கு நின்றுவிடுகிறது, எங்கு தவறான தண்டவாளத்தோடு கலக்கிறது என்பதைக் கண்ணால் காண வழியில்லாததால், மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை ஆகிய மூன்றையும் ஒரே பெட்டிக்குள் அளந்து காட்டும் மல்டிமீட்டர், திருப்புளிக்கும் சால்டரிங் அயர்னுக்கும் அடுத்தபடியாக இப்பொழுதுபோக்கில் இன்றியமையாத கருவியாக இருக்கிறது. சந்தையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டரும் உண்டு. பல்லாயிரம் ரூபாய் விலையுள்ள தொழிற்சாலைத் தரக் கருவியும் உண்டு. விலை கூடினால் வேலை எளிதாகும் என்று புதிதாக நுழைவோர் எண்ணுவது இயல்பே. ஆயினும் மாதிரி ரயிலில் ஓடும் மின்சாரத்தின் தன்மையையும் அங்கு எழும் பழுதுகளின் வகையையும் அறிந்தபின் நோக்கினால், இவ்வேலையின் பெரும்பகுதிக்கு மிக மலிவான கருவியே போதும் என்பதும், அது தடுமாறும் ஓரிரு இடங்களில் விலை உயர்ந்த பொதுக் கருவியும் பெரும்பாலும் தடுமாறவே செய்கிறது என்பதும் விளங்கும்.

மாதிரி ரயில்களுக்கு மின்சாரம் மூன்று முறைகளில் ஊட்டப்படுகிறது. உண்மை ரயிலை 87இல் ஒரு பங்காகச் சுருக்கி 16.5 மில்லிமீட்டர் அகலப் பாதையில் ஓட்டும் எச்ஓ அளவிலும், 160இல் ஒரு பங்காகச் சுருக்கி 9 மில்லிமீட்டர் பாதையில் ஓட்டும் என் அளவிலும் வழிவழியாக வந்த முறை நேர்திசை மின்னோட்டம் ஆகும். இதில் இரு தண்டவாளங்களுக்கும் இடையே சுமார் 12 வோல்ட் வரை மின்னழுத்தம் தரப்படுகிறது. அதைக் கூட்டினால் ரயில் விரைகிறது, நேர், எதிர் முனைகளை மாற்றினால் பின்னோக்கி ஓடுகிறது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1935இல் தொடங்கப்பட்ட நேஷனல் மாடல் ரெயில்ரோட் அசோசியேஷன் வகுத்த தரத்தின்படி, ஓடும் திசையை நோக்கி நின்று பார்க்கையில் வலத் தண்டவாளம் நேர்முனையாக இருந்தால் இன்ஜின் முன்னோக்கிச் செல்ல வேண்டும். ஆகவே மீட்டரின் சிவப்பு முனையை வலத் தண்டவாளத்திலும் கறுப்பு முனையை இடத் தண்டவாளத்திலும் வைக்கும்போது எண்ணுக்கு முன் கழித்தல் குறி தோன்றாவிட்டால், கட்டுப்பாட்டுப் பெட்டியின் முன்செல் நிலை சரியாக இணைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். இரண்டாவது முறை, ஜெர்மனியின் மெர்க்ளின், அமெரிக்காவின் லயனல் ஆகிய நிறுவனங்கள் நெடுங்காலம் பயன்படுத்திய மாறுதிசை மின்னோட்டம். வீட்டு மின்சாரத்தை மின்மாற்றி வழியே 16 அல்லது 18 வோல்ட் அளவுக்குக் குறைத்து, நடுவில் மூன்றாவது தண்டவாளமோ குமிழ் வரிசையோ கொண்ட பாதையில் செலுத்துவது இதன் வழக்கம். மூன்றாவது முறையான டிசிசி என்ற எண்மக் கட்டுப்பாடு, ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய அடிப்படையிலிருந்து வளர்ந்து, மேற்கூறிய அமெரிக்கச் சங்கத்தால் 1994இல் தரமாக ஏற்கப்பட்டது. ஒரே பாதையில் பல இன்ஜின்களைத் தனித்தனியே இயக்க வல்ல இம்முறையில் கட்டளையும் மின்சாரமும் அதே இரு தண்டவாளங்கள் வழியே சேர்ந்து வருகின்றன. மீட்டர் வாங்குவோருக்குக் குழப்பம் தருவதும் இந்த மூன்றாவது முறையே.

மலிவு மல்டிமீட்டர் என்று சொல்லும்போது உலகெங்கும் பெரும்பாலும் குறிக்கப்படுவது டிடி-830 என்ற வடிவமைப்பின் வழிவந்த, பெரும்பாலும் மஞ்சள் உறை கொண்ட, நடுவில் ஒரே திருகுகுமிழும் கீழே மூன்று துளைகளும் உடைய சிறு கருவியே. பல பெயர்களில் பல தொழிற்சாலைகள் இதை உருவாக்குகின்றன. சென்னையின் ரிச்சி தெருக் கடைகளிலும் அமெரிக்கக் கருவிக் கடைகளிலும் விற்பது ஏறத்தாழ ஒரே பொருள்தான். இவ்வளவு குறைந்த விலையிலும் இதன் நேர்திசை மின்னழுத்த அளவீடு வியக்கத்தக்க நம்பகத்தன்மை உடையது. அமெரிக்காவின் இன்டர்சில் நிறுவனம் 1970களின் பிற்பகுதியில் கொண்டுவந்த ஒரு சில்லு, மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் வேலையையும் அந்த எண்ணைத் திரையில் காட்டும் வேலையையும் தானே செய்யுமாறு வடிவமைக்கப்பட்டிருந்தது. அதன் வழித்தோன்றல்களே இன்றும் இக்கருவிகளுக்குள் இருக்கின்றன. திரை 0 முதல் 1999 வரை காட்டும்; நேர்திசை மின்னழுத்தத்தில் பிழை அரை சதவீதத்தை ஒட்டியது. 12 வோல்ட் பாதையில் அரை சதவீதம் என்பது 0.06 வோல்ட். அதனால் எந்த ரயிலும் வேகம் மாறப்போவதில்லை. எனவே திரையில் 2000 எண்ணிக்கை காட்டும் கருவியை விட்டு 6000 எண்ணிக்கை காட்டும் கருவியைத் தேடுவதும், டிரான்சிஸ்டர் சோதிக்கும் சிறு துளைக்கூட்டம் இருக்கிறதா என்று பார்ப்பதும் மாதிரி ரயில்காரருக்குப் பயன் தராத கவலைகள். அளவு எல்லையைத் தானே தேர்ந்துகொள்ளும் வசதியும் அவ்வாறே. எப்போதும் 20 வோல்ட் எல்லைக்குள் வேலை செய்பவருக்குக் குமிழைத் திருகி நிறுத்தும் கருவியே விரைவாக விடை காட்டுகிறது.

வாங்கும் போது விட்டுக்கொடுக்கக் கூடாத வசதி ஒன்று உண்டு: இணைப்பு இருந்தால் ஒலி எழுப்பும் சோதனை. கடைக்காரர்கள் இதைக் கன்டின்யூட்டி என்பர். மீட்டரின் இரு முனைகளுக்கும் இடையே மின்சாரம் தடையின்றிச் செல்லுமானால் பீப் என்று ஒலிக்கும். பலகைக்கு அடியில் மல்லாந்து படுத்து, ஒரு கையில் விளக்கும் மறு கையில் முனையுமாகக் கம்பிகளைத் தேடுபவரால் திரையைப் பார்க்க இயலாது. காதுதான் அப்போது உதவும். டிடி-830 குடும்பத்திலேயே சில வகைகளில் இந்த ஒலி இல்லை. விலை வேறுபாடோ மிகச் சிறிது. அந்தச் சிறு தொகையை மிச்சப்படுத்துவதைப் போன்ற வீண் சிக்கனம் இதில் வேறில்லை. ஒலி இருந்தாலும் அதன் வேகத்தைக் கடையிலேயே சோதிக்க வேண்டும். இரு முனைகளையும் ஒன்றோடொன்று லேசாக உரசும்போது ஒவ்வோர் உரசலுக்கும் உடனே ஒலித்தால் நல்ல கருவி. அரை நொடி தயங்கி ஒலித்தால், வரிசையாகப் பல கம்பிகளைத் தொட்டுக்கொண்டே போகும் வேலைக்கு அது தொல்லை தரும்.

இந்த ஒலியின் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். முற்றிலும் தடையில்லாத இணைப்புக்கு மட்டும் அது ஒலிப்பதில்லை. கருவிக்குக் கருவி மாறினாலும், பொதுவாகச் சில பத்து ஓம் வரையிலான மின்தடைக்கும் ஒலித்துவிடுகிறது. இன்ஜினின் மோட்டார்ச் சுருளின் தடையும், பயணிகள் பெட்டிக்குள் இருக்கும் சிறு இழை விளக்கின் குளிர்ந்த நிலைத் தடையும் அந்த எல்லைக்குள்ளேயே அமையக் கூடும். ஆகவே பாதையில் ஷார்ட், அதாவது இரு தண்டவாளங்களும் நேரடியாக இணைந்துவிட்ட பழுது, இருக்கிறதா என்று தேடும் முன்னர் மின்வழங்கியைத் துண்டித்து, இன்ஜின்களையும் விளக்குள்ள பெட்டிகளையும் பாதையிலிருந்து எடுத்துவிட வேண்டும். பின்னரும் ஒலி நிற்கவில்லையெனில், பஸ் எனப்படும் முதன்மைக் கம்பியை நடுவில் பிரித்து, எந்தப் பாதியில் ஒலி தொடர்கிறது என்று பார்த்து, அந்தப் பாதியை மீண்டும் பாதியாக்கிக்கொண்டே போனால், முப்பது நாற்பது இணைப்புகள் உள்ள பெரிய அமைப்பிலும் ஐந்தாறு சோதனைகளில் பழுதின் இடம் தெரிந்துவிடும். பெரும்பாலும் அது ஏதேனும் ஒரு பிரிபாதையில்தான் இருக்கும். பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் உள் தண்டவாளங்கள் கூடும் கூர்முனையை மாதிரி ரயில் ஆர்வலர்கள் ஃப்ராக் என்பர்; ரயில் நேரே செல்லும்போது ஒரு தண்டவாளத்தின் மின்முனையையும், திரும்பும்போது மற்றதன் மின்முனையையும் அது ஏற்க வேண்டியிருப்பதால், அதைச் சுற்றி விடப்பட வேண்டிய இடைவெளி ஒன்று மூடிக்கொண்டாலும் இரு தண்டவாளங்களும் சந்தித்துவிடுகின்றன.

இனி டிசிசிக்கு வரலாம். இம்முறையில் தண்டவாளங்களில் வருவது பேட்டரியின் நேர்திசை மின்சாரமும் அன்று, வீட்டுச் சுவரிலிருந்து வரும் மென்மையான அலையும் அன்று. திடீரென்று முனை மாறி மாறித் துள்ளும் சதுர வடிவ அலை. 1 என்ற எண்ணைக் குறிக்க ஒவ்வோர் அரை அலையும் 58 மைக்ரோநொடியும், 0 என்ற எண்ணைக் குறிக்க 100 மைக்ரோநொடியோ அதற்கு மேலோ நீடிக்கிறது. அதாவது நொடிக்கு ஏறத்தாழ 5,000 முதல் 8,600 தடவை வரை அலை முழுச் சுற்று வருகிறது. இதை நேர்திசை எல்லையில் அளந்தால், நேர்ப்பகுதியும் எதிர்ப்பகுதியும் ஒன்றையொன்று நீக்கிவிடுவதால், திரை சுழியத்தை ஒட்டிய எண்ணையே காட்டும். புதியவர்கள் பலர் பாதையில் மின்சாரமே இல்லை என்று இதைக் கண்டு முடிவு செய்துவிடுகின்றனர். மாறுதிசை எல்லையில் அளந்தாலும் சிக்கல் தீர்வதில்லை. மலிவு மீட்டரின் மாறுதிசை எல்லை நொடிக்கு 50 அல்லது 60 சுற்று வரும் வீட்டு மின்சாரத்துக்காக அமைக்கப்பட்டது. அதன் குறிப்பேட்டிலேயே 400 சுற்றுகள் வரை மட்டும் என்று எல்லை வகுக்கப்பட்டிருப்பது வழக்கம். மேலும் அது அலையின் சராசரியை அளந்து, மென்மையான அலைக்கு உரிய 1.11 என்ற பெருக்கலைச் சேர்த்துக் காட்டுவதால், வேறு குறையொன்றும் இல்லையென்று கொண்டாலும் 14 வோல்ட் சதுர அலையை 15.5 வோல்ட் என்றே சொல்லும். இன்னொரு குறையும் உண்டு. டிடி-830 குடும்பத்தில் பெரும்பாலும் மாறுதிசைக்கு 200 வோல்ட், 750 வோல்ட் என்ற இரண்டே எல்லைகள் உள்ளன. 200 வோல்ட் எல்லையில் கடைசி இலக்கத்தில் பத்து வரை பிழை இருக்கலாம் என்று குறிப்பேடு சொல்வதன் பொருள், விடை ஒரு வோல்ட் கூடவோ குறையவோ இருக்கலாம் என்பதாகும். 

ட்ரூ ஆர்எம்எஸ் என்று முகப்பில் அச்சிட்ட, விலை சற்றுக் கூடிய மீட்டர் இதைத் தீர்த்துவிடும் என்று கருதுவோர் உண்டு. எந்த வடிவ அலையாயினும் அதன் உண்மையான வலுவைக் கணக்கிட்டுக் காட்டும் திறனையே அச்சொல் குறிக்கிறது. ஆனால் அலையின் வடிவத்தைப் புரிந்துகொள்வது வேறு, அலையின் வேகத்துக்கு ஈடுகொடுப்பது வேறு. இவ்வகைக் கருவிகளிலும் விலை குறைந்தவை பல 1,000 சுற்றுகளுக்கு மேல் உறுதி தருவதில்லை. எனவே அந்தச் சொல்லுக்காக மட்டும் இரு மடங்கு விலை கொடுப்பது நியாயமன்று. டிசிசிக்கென்றே தனியாக வடிவமைத்த அளவுகருவிகள் வெளிநாடுகளில் விற்கப்படுகின்றன. துல்லியமான எண் வேண்டுவோருக்கு அவையே உரியவை.

சில ரூபாய்ச் செலவில் வேறொரு வழியும் இருக்கிறது. மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் செல்லவிடும் டையோடு என்ற உறுப்பில், 1என்4148 என்ற எண்ணுள்ள நான்கை வாங்கிப் பாலம் எனப்படும் அமைப்பில் இணைத்தால், எந்தப் பக்கம் துள்ளும் அலையும் மறுமுனையில் ஒரே திசை மின்சாரமாக வெளிவரும். அந்த வெளிமுனைகளுக்குக் குறுக்கே 10 கிலோஓம் மின்தடையம் ஒன்றையும் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றையும் சேர்த்துவிட்டு, அங்கே மீட்டரை அதன் நம்பகமான 20 வோல்ட் நேர்திசை எல்லையில் வைத்து அளக்கலாம். மின்சாரம் ஒவ்வொரு கணமும் இரண்டு டையோடுகளைக் கடந்து வருவதில் ஏறத்தாழ 1.2 வோல்ட் குறைந்துவிடுகிறது. திரையில் தெரியும் எண்ணோடு அதைக் கூட்டினால் தண்டவாளத்தின் மின்னழுத்தம் கிடைத்துவிடும். தீப்பெட்டி அளவுள்ள பெட்டிக்குள் இவற்றை அடக்கி, இரு கம்பிகளை வெளியே விட்டுக்கொண்டால், மிக மலிவான மீட்டரும் டிசிசிப் பாதையை விலையுயர்ந்த பொதுக் கருவியைவிட நம்பத்தக்க வகையில் அளக்கும்.

ஆயினும் சரியான எண்ணே தேவையில்லாத சோதனைகள்தாம் டிசிசியில் மிகுதி. பெரிய அமைப்புகளில் பாதையைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பூஸ்டர் என்ற தனி மின்வலுப் பெட்டியிலிருந்து மின்சாரம் தருவது உண்டு. அடுத்தடுத்த இரு பகுதிகளின் அலைகள் ஒரே கணத்தில் ஒரே பக்கம் துள்ள வேண்டும். மாறித் துள்ளினால் சக்கரம் இடைவெளியைக் கடக்கும் நொடியில் ஷார்ட் ஏற்படும். இதை அறிய, இடைவெளிக்கு இப்புறமும் அப்புறமும் உள்ள அதே பக்கத் தண்டவாளங்களில் மீட்டரின் முனைகளை மாறுதிசை எல்லையில் வைத்தால் போதும். சுழியத்தை ஒட்டிய எண் தெரிந்தால் இரண்டும் ஒத்திருக்கின்றன. இருபதுக்கு மேற்பட்ட எண் தெரிந்தால் ஒன்றின் கம்பிகளை மாற்றிக் கட்ட வேண்டும். அந்தப் பெரிய எண் 25 ஆயினும் 30 ஆயினும் முடிவு ஒன்றே. ஒரே மீட்டரால் பாதையின் பல இடங்களை அளந்து ஒப்பிடுவதும் இத்தகையதே: கட்டுப்பாட்டு நிலையத்தின் அருகே 15 என்று காட்டிய கருவி, தொலைவான மூலையில் 12 என்று காட்டினால், அவ்விரு எண்களும் பிழையுள்ளவையாக இருந்தாலும், இடையில் மின்னழுத்தம் இழக்கப்படுகிறது என்ற செய்தி உண்மையானது.

அந்த இழப்பு எவ்வாறு நேர்கிறது என்பதை அறிந்துகொள்வது மீட்டரைச் சரியாகப் பயன்படுத்தும் கலையின் பாதி. 1.5 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள செப்புக் கம்பிக்கு ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 0.0115 ஓம் மின்தடை உண்டு. பூஸ்டரிலிருந்து 10 மீட்டர் தொலைவுக்குப் போய்த் திரும்பும் 20 மீட்டர்க் கம்பியில் அது 0.23 ஓம் ஆகிறது. 3 ஆம்பியர் ஓடும்போது 0.7 வோல்ட் வழியிலேயே போய்விடும். அதே தொலைவுக்கு 0.5 சதுர மில்லிமீட்டர் கம்பியைப் போட்டால் இழப்பு 2 வோல்ட்டைத் தாண்டுகிறது. இக்கணக்கில் வருபவை எல்லாம் ஓமின் சிறு பின்னங்களே. ஆனால் மலிவு மீட்டரின் மிகச் சிறிய மின்தடை எல்லை 200 ஓம். அதில் கடைசி இலக்கம் 0.1 ஓம், மீட்டரின் சொந்தக் கம்பிகளுக்கே 0.3 முதல் 0.5 ஓம் வரை தடை இருக்கும். ஆகவே தளர்ந்துபோன தண்டவாள இணைப்புத் தகட்டையோ, சால்டர் சரியாக உருகி ஒட்டாத கம்பி முனையையோ மின்தடை எல்லையில் கண்டுபிடிக்க முயல்வது வீண். ஒலிச்சோதனையோ எல்லாம் நன்றாயிருக்கிறது என்றே சொல்லும். 

இவ்விடத்தில் கருவியை மாற்றாமல் அளக்கும் முறையை மாற்ற வேண்டும். டிசிசிப் பெட்டிகளையும் பாதையோடு இணைந்த பிற மின்னணு உறுப்புகளையும் பிரித்துவிட்டு, எல்லா இன்ஜின்களையும் பாதையிலிருந்து அகற்றிவிட்டு, முதன்மைக் கம்பிக்கு 3 ஆம்பியருக்குக் குறையாத 12 வோல்ட் நேர்திசை மின்வழங்கி ஒன்றை இணைக்க வேண்டும். இன்ஜின்களை அகற்றுவதை மறக்கலாகாது. டிசிசிக் கட்டளையைப் படிக்கும் டிகோடர் என்ற தகடு உள்ள இன்ஜின்களுள் பல சாதாரண நேர்திசை மின்சாரத்திலும் ஓடக்கூடியவையாதலால், திடீரென்று முழு வேகத்தில் பாய்ந்துவிடும். பின்னர் பாதையின் கடைக்கோடியில் இரு தண்டவாளங்களுக்கும் குறுக்கே, வாகனங்களின் திசைகாட்டி விளக்கில் பயன்படும் 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றைப் பிளாஸ்டிக் கட்டைகளில் படாதவாறு வைத்து இணைத்தால், பாதை முழுவதும் ஏறத்தாழ 1.75 ஆம்பியர் ஓடத் தொடங்கும். இப்போது மீட்டரை 2000 மில்லிவோல்ட் எல்லையில் நிறுத்தி, ஒவ்வோர் இணைப்பின் இரு புறமும் முனைகளை வைத்துக்கொண்டே போக வேண்டும். நல்ல இணைப்பில் சில மில்லிவோல்ட் தெரியும். 0.05 ஓம் தடையுள்ள இணைப்பில், மின்தடை எல்லையில் கண்ணுக்கே தெரியாத அப்பழுது, 87 மில்லிவோல்ட்டாகத் திரையில் வந்து நிற்கும். ஓடும் மின்னோட்டம் பழுதை உருப்பெருக்கிக் காட்டுகிறது. மீட்டரோ தான் மிக நன்றாகச் செய்யக்கூடிய நேர்திசை அளவீட்டை மட்டும் செய்கிறது. மில்லியோம் அளக்கும் தனிக் கருவிகளுக்குப் பணம் செலவிடாமல் இவ்வழியில் ஒரு மாலைப்பொழுதில் முழுப் பாதையையும் ஆராய்ந்துவிடலாம்.

இச்சோதனை ரயில் சீராக ஓடுவதற்காக மட்டும் அன்று. 14 வோல்ட் தரும் 5 ஆம்பியர் பூஸ்டர், ஷார்ட் ஏற்பட்டதை உணர்ந்து தன்னை நிறுத்திக்கொள்ள வேண்டுமெனில், 5 ஆம்பியருக்கு மேல் மின்னோட்டம் ஓட வேண்டும். வழியிலுள்ள கம்பிகளும் தளர்ந்த இணைப்புகளும் சேர்ந்து 2.8 ஓமைத் தாண்டிவிட்டால் அந்த அளவு மின்னோட்டம் ஒருபோதும் ஓடாது. பூஸ்டர் அதைப் பல ரயில்கள் ஓடுவதாகவே கருதிக்கொண்டிருக்க, பல பத்து வாட் வெப்பம் தடம்புரண்ட பெட்டியின் சக்கரத்திலோ தளர்ந்த இணைப்பிலோ இறங்கிப் பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். அதனாலேயே பாதையின் பல இடங்களில் ஒரு நாணயத்தைக் குறுக்கே வைத்து, ஒவ்வோர் இடத்திலும் பூஸ்டர் உடனே நின்றுவிடுகிறதா என்று பார்ப்பதை அனுபவமுள்ளோர் கட்டாயமாகக் கொள்கின்றனர். நாணயச் சோதனை எந்த இடத்தில் தோற்கிறது என்று காட்டும். மில்லிவோல்ட் சோதனை அதற்குக் காரணமான இணைப்பைக் காட்டும்.

மீட்டர் தன் விலையை ஒரே நாளில் ஈட்டித்தரும் இடம் பழைய இன்ஜின்களுக்கு டிகோடர் பொருத்தும் வேலை. டிகோடர் என்பது டிசிசிக் கட்டளையைப் படித்து மோட்டாரை இயக்கும் சிறு மின்னணுத் தகடு; அதன் விலை மலிவு மீட்டரின் விலையைப் போலப் பல மடங்கு. அமெரிக்காவின் ஏத்தர்ன் நிறுவனம் முன்பு விற்ற எச்ஓ இன்ஜின்களைப் போன்ற பழைய வடிவமைப்புகளில் மோட்டாரின் ஒரு கரித்தொடுமுனை நேரே உலோகச் சட்டத்தோடு இணைந்திருக்கும்; சட்டமோ சக்கரத்தின் வழியே தண்டவாளத்தோடு இணைந்திருக்கும். நேர்திசை முறையில் இது குறையில்லை. டிசிசியில் மோட்டாரின் இரு முனைகளும் டிகோடரைத் தவிர வேறெதனோடும் இணையக் கூடாது. இணைந்திருந்தால் பாதையில் வைத்த நொடியிலேயே டிகோடர் எரிந்துபோகலாம். எனவே மோட்டாருக்கு அடியில் மின்காப்புப் பட்டை வைத்தபின், மீட்டரை மிக உயர்ந்த மின்தடை எல்லையில் நிறுத்தி, மோட்டாரின் ஒவ்வொரு முனைக்கும் ஒவ்வொரு சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் இடையே அளக்க வேண்டும். திரையின் இடக்கோடியில் 1 என்ற ஒற்றை இலக்கம் மட்டும் நின்றால் இணைப்பே இல்லை என்று பொருள். அதை 1 ஓம் என்று தவறாகப் படித்துக் குழம்புவோர் உண்டு, எல்லைக்கு அப்பாற்பட்டது என்பதை இக்கருவிகள் அவ்வாறே காட்டுகின்றன. இன்ஜினைக் கையில் பிடித்துச் சற்று அசைத்தும், சக்கரங்களைத் திருகியும் இச்சோதனையை மீண்டும் செய்வது நல்லது.

டிகோடர் வாங்கும் முன்னரே செய்ய வேண்டியது மின்னோட்ட அளவீடு. 12 வோல்ட் நேர்திசை மின்சாரம் தரும்போது மோட்டாரின் அச்சை இரண்டொரு நொடி சுழலாமல் பிடித்து நிறுத்தினால் ஓடும் மின்னோட்டமே அந்த மோட்டார் கேட்கக்கூடிய உச்ச அளவு; தேர்ந்தெடுக்கும் டிகோடர் அதைத் தாங்கவல்லதாக இருக்க வேண்டும். எச்ஓ அளவு டிகோடர்களுள் பல 1 முதல் 1.5 ஆம்பியர் வரை தாங்குபவை. இதற்கு மீட்டரை மின்சுற்றின் நடுவே, மின்சாரம் அதன் வழியாகவே செல்லுமாறு சேர்க்க வேண்டும். 10 ஆம்பியர் என்று குறித்த துளையில் சிவப்புக் கம்பியைச் செருக வேண்டும். அந்தத் துளையைப் பற்றி ஒரு கடும் எச்சரிக்கை தேவை. அதற்கும் பொதுத் துளைக்கும் இடையே உள்ளே இருப்பது ஏறத்தாழத் தடையற்ற ஒரு தடித்த கம்பித் துண்டு. மலிவு மீட்டர்களில் பெரும்பாலும் அதற்கு ஃபியூஸ் கிடையாது. மின்னோட்டம் அளந்து முடித்தபின் சிவப்புக் கம்பியை அங்கேயே விட்டுவிட்டு, மின்னழுத்தம் அளப்பதாக நினைத்து இரு தண்டவாளங்களைத் தொட்டால், மீட்டரே ஷார்ட் ஆகிவிடும். அளந்த கையோடு கம்பியை மின்னழுத்தத் துளைக்கு மாற்றிவிடுவதை மாறாத வழக்கமாகக் கொள்ள வேண்டும். சற்று விலை கூடிய மீட்டரை வாங்க நியாயமான காரணம் ஒன்று உண்டெனில், 10 ஆம்பியர்த் துளைக்கும் ஃபியூஸ் உள்ள வகையைத் தேர்வதே அது.

விலை உயர்ந்த மீட்டர், இல்லாத மின்சாரத்தை இருப்பதாகக் காட்டுவதும் உண்டு. 10 மெகாஓம் உள்தடை கொண்ட நல்ல மீட்டர்கள் அளக்கும் சுற்றிலிருந்து மின்சாரத்தை எடுப்பதே இல்லை என்று சொல்லும் அளவுக்கு மென்மையானவை; அதனால் எதனோடும் இணையாத தண்டவாளத் துண்டில்கூட, பக்கத்துக் கம்பிகளிலிருந்து காற்றிடை வழியே தொற்றும் சில வோல்ட்டை அவை காட்டிவிடுகின்றன. டிடி-830 வகையின் உள்தடை 1 மெகாஓம் மட்டுமேயாதலால் இந்த மாயத்தோற்றம் அதில் குறைவு, ஆனால் முற்றும் இல்லாமல் இல்லை. ஐயம் எழும்போது இரு முனைகளுக்கும் இணையாக ஒரு சிறு 12 வோல்ட் பல்பை வைத்தால், போலி மின்னழுத்தம் அக்கணமே சரிந்துவிடும், உண்மையானது நிற்கும். மேற்சொன்ன சுமைச் சோதனைக்கும் பல்பு வேண்டுமாதலால், மீட்டரோடு ஓரிரு பல்புகளையும் பட்டியலில் சேர்த்துக்கொள்வது தக்கது.

எல்இடி விளக்குகளின் நேர், எதிர் முனைகளை அறிய டையோடு சோதனை எல்லை உதவுகிறது. சிவப்பு, மஞ்சள் விளக்குகள் அதில் மங்கலாக ஒளிரும். வெள்ளை, நீல விளக்குகளுக்கு 3 வோல்ட் அளவு வேண்டியிருப்பதால் மலிவு மீட்டரில் அவை ஒளிராமல் போனால் விளக்கு பழுது என்று எறிந்துவிடலாகாது.

மிச்சம் பிடித்த பணத்தைச் செலவிட ஏற்ற இடம் முனைக்கம்பிகள். மலிவு மீட்டரோடு வரும் கம்பிகள் மெல்லியவை. பிடியின் அருகே உறைக்குள்ளேயே அறுந்துவிடும் இயல்புடையவை. ஒலிச்சோதனையில் இரு முனைகளையும் சேர்த்துப் பிடித்தபடி கம்பியை முழுவதும் வளைத்துப் பார்க்கையில் ஒலி விட்டுவிட்டு வந்தால் அக்கம்பியை நம்பலாகாது. ஊசிபோன்ற கூர்முனை உடைய ஓர் இணையும், முதலை வாய்போல் கவ்விக்கொள்ளும் கிளிப்புகள் உடைய ஓர் இணையும் தனியே வாங்கினால், ஒரு முனையைப் பஸ் கம்பியில் கவ்வவிட்டு மறுமுனையால் பாதை நெடுக ஒற்றை ஆளாகச் சோதிக்கலாம். கடையில் மீட்டரைத் தேர்கையில் முனைகளைச் சேர்த்துப் பிடித்து 200 ஓம் எல்லையில் பார்க்கும்போது எண் நிலையாக நிற்க வேண்டும்; புதிய 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றை அளந்தால் 1.5 முதல் 1.6 வரை காட்ட வேண்டும். உள்ளிருக்கும் 9 வோல்ட் பேட்டரி தளர்ந்தால் இக்கருவிகள் உண்மையைவிடக் கூடுதலான எண்ணைக் காட்டத் தொடங்குகின்றன என்பதால், 12 வோல்ட் மின்வழங்கி திடீரென்று 14 என்று தெரிந்தால் முதலில் மாற்ற வேண்டியது மீட்டரின் பேட்டரியை.

இவ்வளவும் மின்மாற்றிக்கு இப்பக்கம், 20 வோல்ட்டை ஒட்டிய பாதுகாப்பான பகுதிக்கு மட்டுமே பொருந்தும். மின்மாற்றிக்கு அப்பக்கம் இருப்பது 230 வோல்ட். மீட்டர்கள் எத்தகைய மின்சுற்றைப் பாதுகாப்பாகத் தொடலாம் என்பதை ஐஇசி 61010 என்ற பன்னாட்டுத் தரம் வகைப்படுத்துகிறது; அதைக் குறிக்கும் கேட் என்ற எழுத்துகளும் எண்ணும் மலிவு மீட்டர்களின் முகப்பிலும் அச்சிடப்பட்டிருக்கும். மெல்லிய உறையும், சிறு கண்ணாடி ஃபியூஸும், ஃபியூஸே இல்லாத துளையும் கொண்ட கருவியில் அந்த அச்சை நம்பிச் சுவர்ப் பிளக்கிலோ மின்மாற்றியின் முதன்மைப் பக்கத்திலோ முனையை வைப்பது உயிரோடு விளையாடுவதாகும். அவ்வேலை உள்ளவர் முறையான ஆய்வகச் சான்று பெற்ற மீட்டரை வாங்கட்டும், அல்லது எலெக்ட்ரீஷியனை அழைக்கட்டும். மாதிரி ரயில் பாதைக்கு மட்டும் என்றால், உடனடி ஒலிச்சோதனையும் 2000 மில்லிவோல்ட், 20 வோல்ட் நேர்திசை எல்லைகளும் 10 ஆம்பியர்த் துளையும் உள்ள சில நூறு ரூபாய் மீட்டர் ஒன்றும், நல்ல முனைக்கம்பிகளும், நான்கு டையோடுகளும், ஒரு 21 வாட் பல்பும் போதுமானவை.